தாத்தாவின் சோலெக்ஸ்: ஓட்டலாமா, அப்படியே வைக்கலாமா?

வாழைக்குளம்_பேத்தி (புதுச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டைப் பக்கம் வாழைக்குளத்தில் எங்கள் பூர்வீக வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இந்தோசீனா, அப்புறம் அல்ஜீரியா, கடைசியில் பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு 1969-ல் ஓய்வு வாங்கி ஊர் திரும்பினார். கப்பலில் கூடவே கொண்டுவந்தது ஒரு வெலோசோலெக்ஸ். 3800 மாடல், கறுப்பு.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிள் மாதிரிதான் இருக்கும், ஆனால் முன் சக்கரத்துக்கு மேலே 49 சிசி எஞ்சின் உட்கார்ந்திருக்கும். செயின் எஞ்சினுக்கு இல்லை, மிதிக்கு மட்டும்தான். எஞ்சினுக்குக் கீழே ஒரு சொரசொரப்பான உருளை இருக்கிறது. நெம்புகோலை முன்னால் தள்ளினால் எஞ்சின் இறங்கி அந்த உருளை டயரை அழுத்தும், உருளை சுற்றச் சுற்ற டயர் சுற்றும். தாத்தா நாலு மிதி மிதித்து எஞ்சினை இறக்கிவிட்டால் போதும், அப்புறம் கால் சும்மா இருக்கும். 'தானாக ஓடும் சைக்கிள்' என்றுதான் பிரான்சில் விளம்பரமே செய்தார்களாம்.

அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி பின்கட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது. இப்போது வீட்டை மராமத்து பார்க்கப் போகிறோம், வண்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்துவிட்டது. பெரியப்பா மகன் கடற்கரைப் பக்கம் விடுதி நடத்துகிறார். நல்ல சிவப்பு பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தலாம் என்கிறார். அம்மாவுக்கு, தாத்தா விட்ட இடத்திலேயே விட்டபடி இருக்க வேண்டும். எனக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை. சின்ன வயதில் அதன் பின்னால் உட்கார்ந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தப் படபட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எஞ்சின் இறுகியிருக்கிறது, மிதி அசையவில்லை.

---

நெய்வேலி_டர்னர்

முதல் காரியம், மிதியை மிதித்து எஞ்சினைச் சுற்ற வைக்க முயற்சி செய்யாதீர்கள். பிஸ்டன் வளையம் துருவில் பிடித்திருந்தால் ஒரே மிதியில் சிலிண்டர் சுவர் கீறிவிடும். நெம்புகோலைப் பின்னால் இழுத்து எஞ்சினை டயரிலிருந்து தூக்குங்கள். அதன் பிறகு மிதி சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் சைக்கிள் பாகம் நன்றாக இருக்கிறது, பிடித்திருப்பது எஞ்சின் மட்டும்தான் என்று அர்த்தம்.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுங்கள். மறுபடி ஊற்றி இன்னொரு வாரம். அப்புறம் கையால் உருளையை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். சுத்தியல் வேண்டாம்.

இதன் பெட்ரோல் பம்பு அழகான வேலை. கிராங்க் கேஸுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறுகிறது அல்லவா, அந்தத் துடிப்பே ஒரு ரப்பர் தகட்டை ஆட்டிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஏற்றுகிறது. மிஞ்சினது தானாக வழிந்து டேங்குக்கே திரும்பிவிடும். மற்ற வண்டிகளில் இருக்கிற மிதவை இதில் கிடையாது. அந்த ரப்பர் தகடு இத்தனை வருஷத்தில் அப்பளம் ஆகியிருக்கும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, சோலெக்ஸ் என்ற பெயர் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் புதிதில்லை. இந்த வண்டிக்கு முன்பே அந்தக் கம்பெனி கார்புரேட்டர் செய்து பெயர் வாங்கியது. ஜீப்பிலும் பத்மினி காரிலும் வேலை பார்த்த பழைய கைகளிடம் 'சோலெக்ஸ்' என்றால் உடனே ஜெட் என்கிற அந்தச் சின்னப் பெட்ரோல் துளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

---

வில்லியனூர்_ஹெரால்டு

தங்கச்சி, நான் உங்கள் அம்மா பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். சென்னையில் செய்த கார், நாலு கதவு மார்க் 3. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், நாலு கதவு நம் நாட்டில் மட்டும் வந்தது. பானட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு முன்னால் கவிழும், டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்பா போன பிறகு ஆசையாக ஒரு பட்டறையில் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துப் புதுமணப்பெண் மாதிரி வந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கை மாற்றியிருந்தார்கள். அப்பாவின் இடது கை பிடித்துப் பிடித்து ஒரு இடத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும், அங்கேதான் நானும் கை வைத்து ஓட்டப் பழகினேன். பழையது எங்கே என்று கேட்டேன். தேய்ந்துபோயிருந்தது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். டாஷ்போர்டு மரம் போயிருந்தது. அப்பா சாவியால் கீறிக்கீறி விழுந்த கோடுகள் அதோடு போயின.

கார் நன்றாக ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் உட்காரும்போது அப்பா இல்லை. ஒரு முறை பெயின்ட் அடித்துவிட்டால் திரும்பி வர வழி கிடையாது, யோசித்துச் செய்யுங்கள்.

---

கரிவண்டி_முதுநகர் (கடலூர்)

நான் ரயில்வேயில் இருந்தவன். 1978-ல் விழுப்புரம் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, கடைசியில் டிரைவராக ஓய்வு பெற்றேன். சோலெக்ஸ் பற்றி எனக்குத் தெரியாது. பழைய எஞ்சினை ஓட்டுவது, நிறுத்திவைப்பது பற்றிக் கொஞ்சம் தெரியும்.

சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான்) மின்சார எஞ்சின், ஜப்பானிலிருந்து வந்த யாம்-1. விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு எங்கள் நீராவி எஞ்சினை மாட்டுவார்கள். பயணிகள் வண்டிக்கு ஒய்பி, சரக்குக்கு ஒய்ஜி. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று போவோம். கடற்கரையை ஒட்டிய சமதளப் பாதை, ஏற்றம் இல்லை, பயர்மேனுக்குச் சுகம் என்று நினைப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் கொண்டல் அடிக்கும்போது ஆலப்பாக்கம் தாண்டி வந்து பாருங்கள். அந்தக் காற்றை வண்டி நெட்டித் தள்ளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கரி தின்னும்.

கரி போடுவது கையால் செய்யும் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அது கண்ணாலும் காதாலும் செய்யும் வேலை. பின் மூலைகளில் தடிப்பாக, முன்னால் மெலிதாக நெருப்பு பரவியிருக்க வேண்டும். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசான சாம்பல் நிறம் என்றால் சரி. கறுத்தால் காற்று போதவில்லை, ஒன்றுமே தெரியவில்லை என்றால் நெருப்பில் எங்கோ ஓட்டை விழுந்து குளிர்காற்று புகுகிறது. இன்ஜெக்டர் பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும்போது ஒரே சீராக இரையும். அந்த இரைச்சல் தடுமாறினால் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். தண்ணீர் மட்டம் நெருப்பறைக் கூரைக்குக் கீழே இறங்கினால் அங்கே இருக்கிற ஈயக் குமிழ் உருகி நீராவி நெருப்பில் பாயும். அதுதான் கடைசிக் காவல். அதை உருகவிட்டவன் ஷெட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இதையெல்லாம் எனக்கு எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. பெரிய பயர்மேன் பக்கத்தில் நின்று அடியும் திட்டும் வாங்கிக் கற்றுக்கொண்டது. டீசல் வந்தது, நீராவி எஞ்சின்கள் கழிக்கப்பட்டன. 2010-ல் எங்கள் பாதை அகலப் பாதையாகத் திறந்தபோது மீட்டர் கேஜ் தண்டவாளமே இல்லை. அதன் பிறகு ஊர் ஊராக ஸ்டேஷன் வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிற எஞ்சின்களைப் பார்க்கிறேன். நெருப்பறைக் கதவை வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்கள். பேரன் கேட்கிறான், 'இது எப்படித் தாத்தா ஓடும்?' வாயால் சொல்கிறேன். அவனுக்குப் புரிந்த மாதிரி முகம் இருக்கிறது. கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் காட்ட முடியவில்லை.

அதனால் என் வாக்கு ஓட்டுவதற்கே, அம்மா. நிற்கிற எஞ்சின் வெறும் இரும்பு. தாத்தா அதை எப்படி ஓட்டினார் என்பது ஓட்டினால்தான் உங்கள் கைக்கு வரும்.

---

மஞ்சக்குப்பம்_வாத்தியார்

ஐயா எழுதியதைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மறுபக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நான் வரலாறு நடத்துகிறவன்.

ஓடுகிற ஒவ்வொரு எஞ்சினும் தன்னையே தின்றுகொண்டு ஓடுகிறது. குழாய் தேயும், மாற்றுவீர்கள். பாய்லர் தேயும், மாற்றுவீர்கள். ஐம்பது வருஷத்தில் பெயர்ப்பலகை மட்டும்தான் பழையது. இங்கிலாந்தின் மல்லார்டு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1938 ஜூலை 3-ம் தேதி மணிக்கு 126 மைல், நம் கணக்கில் 203 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நீராவி எஞ்சினில் உலக சாதனை. எண்பதுகளில் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இன்று யார்க் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அன்று அந்த வேகத்தைத் தொட்ட சக்கரத்தை நாம் இன்றைக்குப் போய்ப் பார்க்கலாம் என்பது பெரிய விஷயம் இல்லையா?

அதே நாட்டுக்காரர்கள் ஓட்டுகிற ஆசைக்கு வேறு வழி கண்டார்கள். ஏ1 என்ற வகை எஞ்சின் 49 இருந்தது, அத்தனையும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆர்வலர்கள் காசு சேர்த்துப் பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகவே ஒன்று செய்தார்கள். 2008-ல் டொர்னாடோ என்ற பெயரில் ஓட ஆரம்பித்தது. பாய்லர் மட்டும் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்தது. கைவித்தை பிழைத்துக்கொண்டது, எந்தப் பழைய பொருளும் அதற்காகத் தேயவில்லை.

எதிர்ப்பக்கம் ஹவானாவில் போய்ப் பார்த்தால் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் இன்றும் தெருவில் ஓடுகின்றன. நிறைய வண்டிகளில் உள்ளே வேறு ஏதோ டீசல் எஞ்சின். உதிரி பாகம் வராத நாட்டில் பிழைப்புக்காகச் செய்தது, அவர்கள் திறமைக்குக் கும்பிடு போட வேண்டும். ஆனால் 1955 செவ்ரலே எப்படிச் செய்யப்பட்டது என்று படிக்க வருகிறவனுக்கு அந்தக் கார் உதவாது.

உங்களுக்கு ஒரு யோசனை. எதைக் கழற்றினாலும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, என்றைக்குக் கழற்றினீர்கள், ஏன், புதிதாக என்ன போட்டீர்கள் என்று சீட்டு எழுதி வையுங்கள். திருகாணி உட்பட. வில்லியனூர் அண்ணன் பட்டறையில் நடந்தது நடக்காது.

---

வில்லியனூர்_ஹெரால்டு

வாத்தியார் சொல்வதை யாராவது எனக்கு அன்றைக்குச் சொல்லியிருந்தால்.

---

சார்செல்_புதுவை (பிரான்ஸ்)

பாரிஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறேன். இந்தப் பக்கம் நம்மவர்கள் நிறைய. என் அப்பாவும் சொல்தாதான், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சோலெக்ஸ் இங்கே 1946-ல் விற்பனைக்கு வந்து 1988 வரை ஓடியது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பாதிரியார், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மாணவர்கள் என்று எல்லாரும் ஓட்டியது. இன்றும் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போவார்கள். டயர், ரப்பர் தகடு, பிளக் எல்லாம் புதிதாகக் கிடைக்கிறது. உங்களுடையது 3800 என்றால் 19 அங்குல டயர். அந்த அளவு அங்கே எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்காது, தேடி அலையாதீர்கள். தை மாதம் ஊருக்கு வருகிறேன், வாங்கி வருகிறேன்.

கடலூர் ஐயாவுக்கு ஒரு செய்தி. வடக்கே சொம் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு ரயில் இருக்கிறது. மீட்டர் கேஜ், ஐயா! நுவாயெல் என்ற ஊரிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து கடலோரமாகப் போகிறது. தன்னார்வலர்கள்தான் ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பக்கத்தில் பதினெட்டு இருபது வயதுப் பையன்கள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பையன் கரி போடுவான். போன கோடையில் போனபோது சதுப்பு நிலமும் உப்புக் காற்றும் ஆட்டு மந்தையும் பார்த்துக்கொண்டே போனேன். பரங்கிப்பேட்டை தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்தது போலவே இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னொன்று. வாழைக்குளம் தங்கச்சியின் தாத்தா இந்தோசீனாவில் இருந்தார் என்றதால் சொல்கிறேன். வியட்நாமில் கடலோரத்திலிருந்து தாலாத் மலைக்கு ஒரு பல்சக்கர ரயில் இருந்தது, எஞ்சினின் பல்சக்கரம் நடுவில் இருக்கிற பல் தண்டவாளத்தைக் கடித்து ஏறும். அதற்கு 1947-ல் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதையிலிருந்து நாலு பழைய எஞ்சின்களை வாங்கிப் போனார்கள். சுவிஸ் பாதையை மின்மயமாக்கியதால் அவை அங்கே தேவையில்லாமல் போயின. போர்க்காலத்தில் தாலாத் பாதையும் நின்றது, எஞ்சின்கள் காட்டுச் செடிக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் சுவிஸ் ஆர்வலர்கள் போய்த் தேடி எடுத்துக் கப்பலில் ஏற்றிச் சொந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். கைவிட்டுப்போன ஃபுர்கா மலைப்பாதையையும் பழுதுபார்த்தார்கள். அந்த எஞ்சின் இப்போது அதே மலையில் ஏறுகிறது. செய்த ஊர் விண்டர்தூர். நம் ஊட்டி ரயில் எஞ்சின்களும் அதே ஊரில், அதே தொழிற்சாலையில் பிறந்தவைதான்.

---

வாழைக்குளம்_பேத்தி

அண்ணே, உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'மலை ஏறும்போது அடியில் பல் கடிக்கிற சத்தம் கேட்கும்' என்று தாத்தா ஒரு ரயிலைப் பற்றிச் சொல்வாராம். எந்த ஊர் என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. டிரங்குப் பெட்டியில் தேடினோம். ஓய்வூதியக் காகிதங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஃபோட்டோ, சீருடையில் தாத்தா, பின்னால் மூன்று முக்கோணக் கூரை வைத்த ஒரு ரயில் நிலையம். பின்புறம் அவர் கையெழுத்தில் 'தாலாத்' என்று தமிழில் எழுதியிருக்கிறது.

அம்மா அதற்குப் பிறகு 'விட்டபடியே இருக்கட்டும்' என்று சொல்லவில்லை.

பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிவிட்டேன். பிஸ்கட் டின்னும் எடுத்து வைத்துவிட்டேன்.

---

உருளையன்பேட்டை_வாசகி

ஓட்டு, ஓட்டு என்று எல்லாரும் சொல்லும்போது ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர் அருங்காட்சியகத்தில் பல்லக்குக்குப் பக்கத்தில் ஒரு புஷ் வண்டி நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வண்டி. துரை முன்னால் உட்கார்ந்து கையில் கம்பியைப் பிடித்துத் திசை திருப்புவார். பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவான். முன்னால் இருப்பவருக்குக் கடற்காற்று, பின்னால் இருப்பவனுக்கு அவர் முதுகு.

என் பாட்டியின் அப்பா அப்படித் தள்ளியவர். மத்தியான வெயிலில் கல் வீதியில் வெறுங்காலோடு ஓடி, ஐம்பது வயதுக்குள் போய்விட்டார் என்று பாட்டி சொல்வாள். சில வருஷம் முன்பு ஒரு விழாவில் அது மாதிரி வண்டி செய்து சுற்றுலா வந்தவர்களை உட்காரவைத்துத் தள்ளிக் காட்டினார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். என்னால் நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் 1973-ல் கைரிக்‌ஷாவை ஒழித்தார்கள். மனிதனை மனிதன் இழுக்கக் கூடாது என்று ஒழித்தது. அந்த வண்டியைப் பார்க்க வேண்டும், யார் தள்ளினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஓட்டிக் காட்டக் கூடாது. சோலெக்ஸ் அப்படி இல்லை, அதை ஓட்டுங்கள். ஆனால் 'பழையது எல்லாம் ஓட வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

---

கரிவண்டி_முதுநகர்

உருளையன்பேட்டை அம்மா சொன்னது நியாயம். நான் எழுதும்போது அது மனதில் வரவில்லை. மனிதன் உழைத்துத் தேய்ந்த வண்டியும் எஞ்சின் உழைத்த வண்டியும் ஒன்றில்லை.

எங்கள் வேலையிலும் அது உண்டு. எஞ்சினில் நிற்கிறபோது முன்னால் நெருப்பு, முதுகில் மழை. நெஞ்சுச் சளியோடு ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர். நீராவி போனதற்காக நான் அழவில்லை. அந்த வேலை தெரிந்த கடைசி ஆட்களும் ஒவ்வொருவராகப் போகிறோம், அதுதான் வருத்தம்.

வாத்தியாருக்கு ஒரு பதில். ஊட்டி ரயிலைப் பாருங்கள். குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஏற்றம் 12 அடிக்கு ஒரு அடி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல் தண்டவாளம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் நிற்பார். பழைய எஞ்சின் தேய்ந்தபோது பொன்மலைப் பணிமனையில் அதே எக்ஸ் வகையைப் புதிதாகவே செய்தார்கள். நம் ஆட்கள், நம் திருச்சியில். உங்கள் டொர்னாடோ மாதிரிதான். அதைச் செய்ய முடிந்தது எப்படி? பழையது நூறு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்ததால், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை அங்கே இருந்தது. நிறுத்தியிருந்தால் வரைபடம் இருந்திருக்கும், கை இருந்திருக்காது.

---

மஞ்சக்குப்பம்_வாத்தியார்

ஐயா, இது எனக்கு ஏற்கத்தக்க பதில். அருமையாக ஒரே ஒரு பிரதி மிஞ்சினது என்றால் நிறுத்தி வைக்கலாம், நாலு மிஞ்சினது என்றால் ஒன்றையாவது ஓட்ட வேண்டும் என்று என் நிலையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். 1855-ல் இங்கிலாந்தில் செய்த எஞ்சினையே 2010-ல் பெரம்பூரில் பழுதுபார்த்து ஓட்டினார்கள். நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்றது. அன்றைக்கு அதை நான் எதிர்த்திருப்பேன். இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சோலெக்ஸ் லட்சக்கணக்கில் இருக்கிறது. ஓட்டுங்கள் தங்கச்சி. சிவப்பு பெயின்ட் மட்டும் வேண்டாம்.

---

கடிலம்_கரை

எல்லாரும் எஞ்சினைப் பேசுகிறீர்கள், காகிதத்தை யாரும் பேசவில்லை. நான் வண்டிப் பதிவு வேலைகளில் பழக்கம் உள்ளவள்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குப் பொருந்தும். பதிவு எண்ணில் 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. தினமும் கடைக்குப் போக ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இவற்றுக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதிச் சுங்கக் காகிதம், ஏற்கெனவே பதிவு செய்தது என்றால் பழைய பதிவுப் புத்தகம் கேட்பார்கள். டிரங்குப் பெட்டியை இன்னொரு முறை அலசுங்கள். அது கைக்கு வரும் வரை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

சேஸிஸையோ எஞ்சினையோ மாற்றி அமைத்தால் இந்தப் பதிவே கிடைக்காது. பெயின்ட் அடிக்கத் துடிக்கிற உங்கள் பெரியப்பா மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கதை, உங்களுக்காக. காரைக் கண்டுபிடித்தவர் என்று கார்ல் பென்ஸைச் சொல்கிறோம். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியதற்குக் காலுறைப் பட்டியைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நெடுந்தூர கார்ப் பயணம் அதுதான். கராஜில் நின்ற வண்டியால் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, அவர் ஓட்டிக் காட்டிய பிறகுதான் வந்தது.

உங்கள் எரிபொருள் குழாயும் அடைத்திருக்கும். மெல்லிய ஊசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

வாழைக்குளம்_பேத்தி

மூன்றாவது வாரம். இன்று காலை உருளை அசைந்தது!

முதலில் கால் அங்குலம். எண்ணெய் விட்டு, ஆட்டி, விட்டு, ஆட்டி, பதினோரு மணிக்கு முழுச் சுற்று வந்தது. அம்மா அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். பிளக் ஓட்டையில் விரலை வைத்தால் காற்று தள்ளுகிறது. பிளக்கை வெளியில் வைத்துச் சுற்றியபோது மெல்லிய நீலப் பொறி. பேட்டரி கிடையாது, மேக்னெட்டோ மட்டும்தான், அது இத்தனை வருஷம் கழித்துப் பொறி விடுகிறது.

கடிலம் அக்கா சொன்னது போலவே குழாய் அடைத்திருந்தது. தையல் ஊசியால் எடுத்தேன். பதிவுப் புத்தகமும் கிடைத்தது, தாத்தாவின் ராணுவப் பதக்கச் சான்றிதழுக்குள் மடித்து வைத்திருந்தார்.

பெரியப்பா மகன் வந்து பார்த்தார். பெயின்ட் பேச்சை எடுக்கவில்லை. டேங்க் மூடியைச் சுற்றித் தாத்தா கட்டிய செப்புக் கம்பி இருக்கிறதே, அதை மட்டும் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

---

நெய்வேலி_டர்னர்

பழைய ரப்பர் தகட்டோடு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சார்செல் அண்ணன் வரட்டும். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க மறக்காதீர்கள், இது டூ-ஸ்ட்ரோக். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரையும் வார்னிஷையும் தின்னும். ஓட்டி முடித்த அன்றே டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

---

சார்செல்_புதுவை

இரண்டு டயர், இரண்டு டியூப், பம்பு ரப்பர் இரண்டு செட், ஒரு உருளை. பெட்டியில் வைத்துவிட்டேன்.

---

வாழைக்குளம்_பேத்தி

பொங்கல் முடிந்த ஞாயிறு, அரியாங்குப்பத்தில் மாமாவின் தென்னந்தோப்பு. ரோட்டுக்கு எடுக்கவில்லை. சார்செல் அண்ணன் காலையிலேயே வந்து ரப்பரை மாற்றிக் கொடுத்தார். கரிவண்டி ஐயா கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், பேரனையும் கூட்டிக்கொண்டு. வில்லியனூர் அண்ணன் தன் ஹெரால்டிலேயே வந்தார்.

நாலு மிதி, நெம்புகோலை முன்னால் தள்ளினேன். ஒன்றும் இல்லை. மறுபடி. மூன்றாவது தடவை இருமியது, நாலாவதில் பிடித்துக்கொண்டது. அதே படபட. தோப்புக் கடைசி வரை போய்த் திரும்பினேன். வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் கால் சும்மா இருந்தது. அம்மா கிணற்றடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நிறுத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினைத் தூக்கி ஓடவிட்டேன். ஐயா திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பேரனை அழைத்து அவன் காதில் வைத்தார். 'சீராக இருக்கிறதா, தடுமாறுகிறதா, சொல்' என்றார். பையன் ரொம்ப நேரம் கேட்டான். 'நடுவில் ஒண்ணு விடுது தாத்தா' என்றான். ஐயா கார்புரேட்டர் பக்கம் கையைக் காட்டினார். உண்மைதான், அங்கே ஒரு திருகாணி தளர்ந்திருந்தது.

பழைய டயர், ரப்பர், பிளக் எல்லாம் தேதி எழுதி டின்னில் இருக்கிறது. செப்புக் கம்பியைக் கழற்றவில்லை.

---

கரிவண்டி_முதுநகர்

வீடு வந்து சேர்ந்தோம் அம்மா. பையன் பஸ்ஸில் வழியெல்லாம் திருப்புளி கேட்டுக்கொண்டே வந்தான், வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வண்டியை நிறுத்தும்போது எஞ்சினை டயர்மேல் இறக்கியே விட்டுவிடாதீர்கள். உருளை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் புது டயரில் பள்ளம் விழும். தூக்கி மாட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.